அண்ணாவின் படையலுக்கு வாங்கிய ஆறு மாம்பழங்கள்

"குனி! குனி!" அண்ணா கத்துகிறார். முதலில் ஷெல்லின் கூவல். பிறகு வெடி. பிறகு மண் கொட்டும் சத்தம். வன்னி. போரின் கடைசி மாதங்கள். பதுங்கு குழிக்குள் நானும் அண்ணாவும். கையில் ஒரேயொரு மாம்பழம். சதையை எனக்குத் தந்தார். கொட்டையைத் தான் சூப்பினார். இருவரும் உயிர் தப்பினோம்.

போன மாதம் அடிலெய்டில் மாரடைப்பு. அண்ணா போய்விட்டார். நாளை முப்பத்தோராம் நாள். அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்க வேண்டும். மெல்பேர்ணில் ஆறு மாம்பழம் வாங்கினேன். வெரிபீயில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து அடிலெய்டுக்குக் காரில் போகிறோம்.

தென் அவுஸ்திரேலிய எல்லையில் சோதனைச் சாவடி. பழ ஈ பரவும் என்று பழங்களைத் தடுப்பார்கள். இவற்றை விட்டுவிட்டு அடிலெய்டிலேயே வேறு வாங்குவோம் என்று சொன்னேன். என் கணவர் சிரித்தார்.

"ஆமியின்ர சென்றியைத் தாண்டியே சாமான் கடத்தினனாங்கள். இவங்கள் எந்த மூலைக்கு?"

கடத்தினாராம்! முதல் ஷெல் விழ முன்னரே கொழும்பில் விமானம் ஏறிய வீரர். ஆமியைத் தொலைக்காட்சியில்தான் கண்டார். மாம்பழங்களை டிக்கியில், மாற்றுச் சக்கரத்துக்குக் கீழே ஒளித்தார்.

சாவடியில் ஒரு பெண். ஆமி மாதிரிக் கையில் துவக்கு இல்லை. பழம் இருக்கிறதா என்று மரியாதையாகத்தான் கேட்கிறாள். இவர் "நோ" என்கிறார். வியர்த்துக் கொட்டுகிறது. அவள் டிக்கியைத் திறக்கிறாள். சக்கரத்தைத் தூக்குகிறாள்.

கொண்டுபோக முடியாது, வேண்டுமானால் இங்கேயே சாப்பிடுங்கள் என்றாள். இவர் ஒன்றை எடுத்தார்.

"ஐயோ, வாய் வைக்காதையுங்கோ! அண்ணாக்குப் படைக்கிற பழம்!"

கடித்துவிட்டார்.

"எறியத்தானே போறாங்கள். வீணாக்கலாமோ?"

சாறு முழங்கை வரை வழிந்தது. மற்றவை குப்பைத் தொட்டிக்குள் விழுந்தன. தொப். தொப். எனக்கு அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அடிலெய்ட் சேர்ந்தபோது கடைகள் பூட்டியிருந்தன. விடிய ஐயர் வந்தார். வாழையிலையில் சோறு, கறி, வடை. அண்ணி இலையைப் பார்த்தார்.

"மாம்பழம் கொண்டு வரேல்லையோ?"

நான் வாய் திறக்க முன் இவர் தொடங்கிவிட்டார். "எல்லையில மறிச்சுப் பறிச்சுப் போட்டாங்கள், அண்ணி. நான் விடேல்லை. சண்டை பிடிச்சனான்." வந்திருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் அவருடைய தோளைத் தட்டினார்.

இந்தக் கதை ஊரெல்லாம் பரவ முன் நான் சாட்சி சொல்கிறேன். இழந்தவை: மாம்பழம் ஆறு. ஐந்து தொட்டியில், ஒன்று வயிற்றில். இழந்தவர்: அண்ணா. என் கணவர் காயமின்றித் தப்பினார்.