இரண்டு பேர் ஓட்டும் கார்

“பிளேன்டீ ஆறுது. குடிச்சிட்டே கேளுங்க, ராத்தா.”

“எனக்கு ஒண்ணும் இறங்காது, ஷஸ்னா. ஏதோ சொல்லணும்னுதானே கதவைச் சாத்தின, அதைச் சொல்லு.”

கதவைச் சாத்தியது மாமி வெளியே படுத்திருக்கிறார் என்பதற்காக. பிரஷர் குளிசை போட்டுவிட்டு இப்போதுதான் கண்ணயர்ந்தார், எழுப்ப வேண்டாம். நான் சொல்ல வந்தது பெரிய கதையும் இல்லை.

றம்ஸீன் மச்சான் மவுத்தாகி, நீங்கள் வெளியே போகாமல் இந்த அறையில் இத்தா இருக்கத் தொடங்கி இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். பார்க்க வருகிற பெண்கள் எல்லோரிடமும் “நான்தான் என் மாப்பிள்ளையைக் கொன்னேன்” என்று சொல்கிறீர்கள். அவர்களும் உங்கள் கையைப் பிடித்து, “அப்பிடிச் சொல்லாதீங்க நிப்லா, அது அல்லாஹ்ட நாட்டம்” என்கிறார்கள். நான் இந்த மூலையில் பிஸ்கட் தட்டோடு உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் சொல்வது பிழை, ராத்தா. பிழையான ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதைத் திருத்திவிட்டுப் போகத்தான் இன்றைக்கு வந்தேன்.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன். இல்லாவிட்டால் எனக்கு ஒழுங்காக வராது.

மச்சான் என் மாமா மகன். மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவருக்குத் தமிழும் சிங்களமும் போதும், இங்கிலீஷ் தேவைப்படவில்லை. ஆனால் அந்த முப்பது வருசப் பழைய வெள்ளை ஜப்பான் காரை வாங்கிய நாளிலிருந்து தேவைப்பட்டது. எந்தப் பாகத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதெல்லாம் இன்டர்நெட்டில் இங்கிலீஷில்தான் இருந்தது. அவர் அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவார். நான் வாசித்து, தமிழில் பேசி வொய்ஸ் அனுப்புவேன். நான்கு வருசம் அப்படித்தான். பிரேக், ஸ்பிரிங், சைலன்சர், அந்தக் காரில் என்னென்ன மாறியதோ அதெல்லாம் முதலில் என் வாயால்தான் அவர் காதுக்குப் போனது. கராஜில் பவாஸ் நானாவோடு வாக்குவாதம் வந்தால், “ஷஸ்னா வாசிச்சுச் சொன்னது” என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

எங்களுக்குள் வேறு பேச்சு ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் சின்ன வயதில் பெரியவர்கள் ஏதோ சொல்லி வைத்திருந்தார்கள் என்று உம்மா சொல்வார், நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. உங்கள் நிக்காஹ்வுக்கு மருதாணி போட்டது நான்தானே. இடது உள்ளங்கையில் பூ கலைந்துபோய், துடைத்து மறுபடியும் போட்டேன். மனதில் ஏதாவது இருந்திருந்தால் அவ்வளவு நேர்த்தியாகப் போட்டிருக்க முடியுமா?

ஒரே ஒருமுறை அவரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். நீங்கள் வருவதற்கு முன், உம்மாவையும் என்னையும் தம்புள்ளைக்குக் கூட்டிப் போனபோது. நாலந்தா தாண்டி ரோடு நேராக விழுந்த இடத்தில்.

“மச்சான், ஒருக்கா நான் ஓட்டிப் பார்க்கவா?”

“நீயா? முதல்ல கண்ணாடியைத் துடைச்சிட்டு ரோடு எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு.”

உம்மா சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. “நீ வாசி, நான் ஓட்டுறேன். அதுதானே நம்ம கொம்பனி” என்றார். நான் அதோடு விட்டுவிட்டேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு மார்ச் மாதம் ஒரு நாள் திருகோணமலை வீதியில், பேங்க் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எல் போர்ட் மாட்டிய வெள்ளைக் கார் ஊர்ந்து வந்தது. நீங்கள் ஓட்டினீர்கள். மச்சான் இடது பக்கம் உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக்கின் மேல் கையை வைத்திருந்தார். என்னைக் கண்டு அந்தக் கையை எடுத்து ஆட்டினார். நீங்கள் பார்க்கவில்லை. ரோட்டைத்தான் பார்த்தீர்கள், அதுதான் சரி. அன்று வீட்டுக்குப் போய் வழமைபோலச் சாப்பிட்டேன், தூங்கினேன். கோபம் ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு சாமான் இடம் மாறியிருந்தால் கை அதைத் தேடுமே, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள், பின் சீட்டில். அது உங்கள் நல்ல குணம். அங்கிருந்து உங்கள் கால் நன்றாகத் தெரியும். அளுவிகாரை ஏற்றத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். மிதித்தவுடன் கார் இழுக்காவிட்டால் மச்சான் பொறுப்பார். நீங்கள் பொறுக்க மாட்டீர்கள். இன்னும் அழுத்துவீர்கள். மூன்று பயணத்தில் பதினாறு தடவை பார்த்தேன், பதினைந்து தடவை அப்படித்தான்.

மே மாதம் டர்போ மாற்றுகிற பேச்சு வந்தது. எஞ்சின் விடுகிற புகையிலேயே சுற்றுகிற சக்கரம் அது. சுற்றச் சுற்றக் காற்றை எஞ்சினுக்குள்ளே தள்ளும், கார் பாயும். மச்சானுக்கு முன்னால் இரண்டு டர்போ இருந்தன. சின்னது மிதித்த உடனே சுற்றும், ஆனால் ஓர் அளவுக்கு மேல் தராது. பெரியது நிறையத் தரும், ஆனால் அந்தப் பாரம் சுற்ற நேரம் எடுக்கும். மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு எல்லாம் ஒன்றாக வரும்.

பவாஸ் நானாவுக்குப் பெரியது பிடிக்கவில்லை. “மலை ஏறுற காருக்குச் சின்னது போதும்டா. பெரிசு போட்டா, நீ மிதிச்சு, இறங்கி ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வந்து ஏறின பிறகுதான் இழுக்கும்.”

“அதுக்கப்புறம் இழுக்கும்தானே?” என்றார் மச்சான்.

அவருக்கு எதில் ஆசை என்று அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் முடிவை என்னிடம் விட்டார். பதினொரு பக்கம் அனுப்பினார். எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன். ஆறாவது பக்கத்தில் நியூஸிலாந்தில் மலைப்பக்கம் இருக்கிற ஒருவர் எழுதியிருந்தார். நேர் ரோட்டில் பெரிய டர்போ சொர்க்கம் என்கிறார். பிறகு தனியாக ஒரு பந்தி எழுதியிருக்கிறார். எங்கள் பக்கம் வளைவு அதிகம், காரை என் மனைவியும் ஓட்டுவாள், வளைவில் மிதித்தாள், ஒன்றும் வரவில்லை, இன்னும் மிதித்தாள், பாதி வளைவில் எல்லாம் சேர்ந்து வந்தது, வேலி இருந்ததால் பிழைத்தாள், ஒரு மாதத்தில் கழற்றிவிட்டேன், இரண்டு பேர் ஓட்டும் காரில் இதைப் போடாதீர்கள்.

நான் அனுப்பிய வொய்ஸ் நான்கு நிமிஷம் பத்து செக்கன். மச்சானுடைய போனில் இப்போதும் இருக்கும், கேட்டுப் பாருங்கள். அதில் ஒரு பொய்யும் இல்லை. அந்தப் பந்தி மட்டும் இல்லை.

“அப்ப எதைப் போடுவோம்?” என்று கேட்டார்.

“பெரிசு. சின்னதைப் போட்டா ஆறு மாசத்தில திரும்ப மாத்தணும்பீங்க.”

“இதுக்குத்தான் நீ வேணும்ங்கிறது.”

அந்த வொய்ஸை நான் அழிக்கவில்லை.

பெரிய டர்போவைப் பூட்டி இரண்டு கிழமைக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கார் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, மழைக்காலம் முடியும்வரை உங்களிடம் கொடுக்க ஏலாது என்றார். நீங்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பதாகவும் சொன்னார். ராத்தா பாவம் மச்சான், மனசு உடைஞ்சிடும், அவங்க இப்ப நல்லா ஓட்டுறாங்க என்று நான்தான் சொன்னேன். இரத்தோட்டைக்கு மேலே வாகனம் குறைவு, ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து பஸ்ஸும் அவ்வளவாக இல்லை, அங்கே கொடுங்கள் என்றேன். அன்றே நீங்கள் எனக்குப் போன் எடுத்து நன்றி சொன்னீர்கள். அடுத்த நாள் ஒரு தட்டு தொதல் அனுப்பினீர்கள். நல்ல தொதல் அது, எண்ணெய் பிரியாமல் கிண்டியிருந்தது.

ஞாயிறு காலையில் தூறல். போவதா விடுவதா என்று அவர் போன் எடுத்து என்னிடம்தான் கேட்டார். நீங்கள் அறைக்குள் உடுப்பு மாற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பத்து மணிக்கெல்லாம் ரோடு காய்ந்துவிடும் என்றேன். காயாது என்று எனக்குத் தெரியும். அந்த மேட்டில் மரம் கவிந்த இடங்கள் மத்தியானம்வரை ஈரமாகத்தான் இருக்கும்.

நீங்கள் பயந்து, எங்காவது மெதுவாக முட்டி, அந்தக் காரை இனித் தொடமாட்டேன் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் நான் நினைத்தது. எனக்குள்ளேயே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இன்றைக்கு எதையும் விடாமல் சொல்ல வந்திருக்கிறேன் என்பதால் இதையும் சொல்லவேண்டும். அதற்கு முந்தின கிழமை நான் பஸ்ஸில் தனியாக அந்த ரோட்டில் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவாகப் பார்த்தேன். இந்த மாதிரிக் கார் வழுக்கினால் வளைவின் வெளிப்பக்கம்தான் போகும் என்று நான்காவது பக்கத்தில் இருந்தது. இடது பக்கம் திரும்புகிற வளைவென்றால் கார் வலது பக்கம் போய் மோதும். வலது பக்கம் ஓட்டுகிறவர் பக்கம். தேயிலைத் தொழிற்சாலை தாண்டி, ஏற்றமும் இடது வளைவும் ஒன்றாக வருகிற ஓர் இடம் இருக்கிறது. வெளிப்பக்கம் கருங்கல் சுவர். அங்கே நீங்கள் மிதிப்பீர்கள், கார் இழுக்காது, இன்னும் மிதிப்பீர்கள் என்று எனக்குத் தெரிந்தது. மச்சானுக்கு ஒன்றும் ஆகாது, அவர் இடது பக்கம்தானே. இதைத்தான் நினைத்தேன். மெதுவாக முட்டுவதை இல்லை.

நீங்கள் தொழிற்சாலைவரை போகவே இல்லை. அதற்கு முன்னாலேயே, வலது பக்கம் திரும்புகிற ஒரு சின்ன வளைவில் மிதித்திருக்கிறீர்கள். அந்த வளைவை நான் பஸ்ஸில் இருந்து பார்த்தேன், ஏற்றம் குறைவு என்று விட்டுவிட்டேன். கார் இடது பக்கம் போய், பலாமரத்தில் இடது கதவு மோதியது.

எனக்கு அவர் மேல் கோபம் இருந்ததில்லை, ராத்தா. இதை நீங்கள் நம்பவேண்டும்.

பொலிஸ் எழுதியிருப்பது ‘மழை, பழகுநர்’ என்று. கேஸில் உங்கள் பெயரும் அவர் பெயரும் ஒரே வரியில் இருக்கிறது, நான் பார்த்தேன். ஊரில் அவர் பெயரைச் சொல்கிறவர்கள் அடுத்த மூச்சில் உங்கள் பெயரைச் சொல்கிறார்கள். “பெண்டாட்டி ஓட்டித்தான்” என்கிறார்கள். இனி எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். என் பெயர் எங்கேயும் இல்லை. பவாஸ் நானாகூட என்னைக் கேட்கவில்லை. மச்சான் எந்த டர்போ என்று முடிவெடுத்ததும், எந்த ரோட்டில் போனார் என்பதும், அந்தக் காலையில் புறப்பட்டதும் என் வார்த்தையை நம்பித்தான். நீங்கள் பெடலில் காலை வைத்தீர்கள், அவ்வளவுதான். அதற்காக அவருடைய மவுத்தை முழுதாக உங்களுடையது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வது நியாயம் இல்லை. உங்கள் மனப்பாரத்தைக் குறைக்கத்தான் இதையெல்லாம் சொன்னேன். வேறு எதற்கும் இல்லை.

நீங்கள் இதைப் பொலிஸில் சொல்லலாம், மாமியை எழுப்பிச் சொல்லலாம். நான் மறுக்க மாட்டேன். யாராவது என் பெயரையும் எழுதட்டும்.

அம்புலன்ஸ் வரப் பதினைந்து நிமிஷம் ஆனதாம். அதுவரை அவருக்கு நினைவு இருந்தது, பேசினார் என்று நீங்கள் பொலிஸில் சொன்னீர்களாம். என்ன பேசினார் என்று அவர்களிடமும் சொல்லவில்லை, மாமியிடமும் சொல்லவில்லை. அது உங்கள் இரண்டு பேருக்கும் உள்ளது என்று விட்டுவிட்டார்கள். நான் என்னிடம் இருந்த எல்லாவற்றையும் உங்களுக்குத் தந்துவிட்டேன், ராத்தா. அழுது முடித்துவிட்டு, நிதானமாக நினைத்துப் பாருங்கள். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் என்னைக் கேட்டாரா? எனக்கென்று ஏதாவது சொன்னாரா? ஒரு வார்த்தை என்றாலும் பரவாயில்லை, அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.