மருமகனை ஏற்றாத கார்

அக்கரைப்பற்றிலிருந்து வந்த பஸ்ஸில், எனக்கு முன் ஆசனத்தில் இருந்தவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"மருமகன அவர்ர உம்மாட ஊட்ட அனுப்பப் போறன்."

எங்கள் பக்கம் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருப்பார்; அவரைத் தாய் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதென்றால் சங்கதி பெரிது. நான் யன்னலைப் பார்த்தபடி காதைக் கொடுத்தேன்.

"கலியாணம் முடிஞ்சி ரெண்டு மாசம்தானே காக்கா! என்ன பிழை செஞ்சார்?" என்று அந்த மூத்தவரைக் கேட்டார் மற்றவர்.

"அவர் தங்கமான புள்ள. பிழை எனக்குக் கார் வித்த கொழும்புக் கொம்பனியில. உத்தரவாதம் இருக்கக்குள்ள ஓடி வந்தானுகள். அது முடிஞ்ச கிழமையே இஞ்சின் நிண்டிட்டு. கொழும்புக்குக் கொண்டு போனவனுகள், சாமான் கப்பல்ல வரணுமாம். இப்ப கடிதத்துக்கும் பதில் இல்ல."

"அதுக்கு மருமகன் என்ன செய்வார்?"

"ஊர்ல எத்தின மாப்பிள்ளைய பொண்ணுட ஊட்ட ஏத்திப் போன கார்! என்ட மகள்ர மாப்பிள்ளை கலியாணத்தண்டைக்கு மாட்டுக் கரத்தையில வந்தார். கார் வாற அண்டைக்கு அவர் உம்மாட ஊட்ட நிக்கணும். நான் போய் மாப்பிள்ளையா கார்ல ஏத்திட்டு வரணும்."

கல்முனையில் இறங்கும்போது மற்றவர் கேட்டார்: "மருமகன் சம்மதிச்சிட்டாரா?"

"ஓம். மாப்பிள்ளைத் தொப்பிய அவர்தான் பத்திரமா எடுத்து வச்சிருக்கார்."