அளக்காத வீடு

எனக்கு எழுத்து தெரியாது. படம் பார்த்தால் புரியும். அதனால் கைநாட்டு வாங்கும் முன் எழுதினதை ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் ரைட்டரை நான் நம்பவில்லை.

ராஜபாளையத்து சுப்புராஜ் முதலாளி, மடவார் வளாகத்துத் தோட்டத்தில் சத்திரம் கட்ட நினைத்தார். கட்டினால் எப்படி இருக்கும் என்று மதுரையில் ஒரு வர்ணப் படம் எழுதச் சொல்லியிருந்தார். எழுதுகிறவர் வரமாட்டாராம். தோட்டத்தில் இருப்பதை அளந்து, கோட்டுப் படமாகப் போட்டு அவருக்கு அனுப்ப வைகுண்டராஜ் என்ற இளவட்டம் வந்தான். கயிறு பிடிக்க நான். அந்தத் தோட்டத்தில் கிணறு தூர் வாருகிறவன் நான்தான். என் வீடும் அதற்குள்தான்.

அவன் போட்ட படத்தில் மண்டபம் இருந்தது, புளியமரம் இருந்தது, மாட்டுத் தொழுவம்கூட இருந்தது. என் வீட்டு இடம் வெறும் காகிதம்.

"தம்பி, எம் வீடு எங்க?"

"இன்னும் அளக்கல, பெரியவரே. அளக்காத எடத்த வெறுமனே விட்டுருவேன்."

"தொழுவத்த மட்டும் அளந்தீரு?"

"அது நேரா நிக்கி. உம்ம சுவரு நூலு பிடிச்சாலே சாஞ்சிரும் போல. அதான் கடேசில வச்சிருக்கேன்."

கூட நின்ற கூலியாட்களும் சிரித்தார்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தைக்குப் போய், வீட்டைப் பிடுங்க ஆள் வந்திருக்கிறது என்று பார்த்தவனிடமெல்லாம் சொன்னேன். அளக்க வருகிறவன் பிடுங்கத்தான் வருவான்.

மறுநாள், மண்டபத்துக்குப் பின்னால் மூடிக் கிடந்த கிணற்றில் இறங்கி உள்சுவர் மாடங்களை அளக்க வேண்டும் என்றான். அப்படிப்பட்ட கிணற்றில் ஆளுக்கு முன்னால் விளக்கை இறக்குவோம். அணைந்தால் உள்ளே விஷக்காற்று. ஆள் இறங்கக் கூடாது.

விளக்கை இறக்கினேன். பாதியில் அணைந்தது. அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தான். விளக்கை மேலே இழுத்து, திரும்பப் பற்றவைத்து, தூக்கிக் காட்டினேன்.

"எரியுதா, பெரியவரே?"

"நின்னு எரியுது. எறங்கும்."

அவன் இடுப்பில் கயிற்றை நான்தான் கட்டினேன். நல்ல முடிச்சு. அதில் குறை சொல்ல முடியாது. கீழே இருந்து ஒரு தடவை "பெரியவரே" என்றான். பிறகு கயிறு கனத்தது. வாயில் இருந்த வெற்றிலையை மென்று முடித்த பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

வீடு போய்விடும் என்ற பயத்தில் செய்தேன் என்று நேற்று சொன்னேன். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். அன்று காலையில் அவன் என் வீட்டுக்கு வந்திருந்தான். சாயங்காலம் அளக்க வருவதாகவும், வீட்டை லட்சணமாகப் படத்தில் போடுவதாகவும் என் பெண்சாதி முத்துப்பேச்சியிடம் சொல்லிவிட்டுப் போனான். அவள் சுவரோரம் கிடந்த விறகையெல்லாம் ஒதுக்கிவிட்டு, சுவருக்குச் சாணம் மெழுகினாள். நான் நின்று பார்த்தேன். படத்தில் வீடு வந்துவிட்டால், பிடுங்க வந்திருக்கிறான் என்று ஊரெல்லாம் சொன்ன நான் சந்தையில் எப்படித் தலை காட்டுவது என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் விளக்கை எடுக்கப் போனேன்.