வலது பக்கத்து வட்டம்

"நல்லதை நான் இடது கையால வைக்கவே மாட்டேன் லா," என்றாள் கண்ணாடி போட்ட பெண்.

கிள்ளானிலிருந்து வரும் கொமுட்டர் ரயிலில், பெண்கள் பெட்டியில், எனக்கு எதிரே இரண்டு ஆராய்ச்சி மாணவிகள் ஒரே கைப்பேசியின் மேல் குனிந்திருந்தார்கள். லேபிலிருந்து யாரோ படம் அனுப்பியிருந்தார்கள். தட்டு நிறைய பாக்டீரியா. அதன் நடுவே பாக்டீரியா செத்துத் தெளிந்துபோன இரண்டு வட்டங்கள். ஒன்று சிறியது, ஒன்று பெரியது.

"இதுல எது ஆன்டிபயாட்டிக், எது நம்ம ஃபங்கஸ் சாறு? பேர் எழுதலையா நீ?" என்றாள் தோழி.

"மறந்துட்டேன்டி. ஆனா மேல கோடு போட்டிருக்கேன் பாரு, அதுதான் தலைப்பக்கம். ஆன்டிபயாட்டிக்கை இடது கையால இடது பக்கம் வச்சேன். கடல்ல ஊறின கட்டையில எடுத்த நம்ம ஃபங்கஸ், அதை மட்டும் சாமி கும்பிட்டுட்டு வலது கையால வச்சேன்."

"அப்போ பெரிய வட்டம்?"

"வலது பக்கம்."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார்கள். ஒருத்தி மற்றவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இதுவும் சரிவரலைன்னா ப்ராஜெக்டை நிறுத்திடலாம்னு ப்ரொஃபஸர் சொன்னாரே. அவருகிட்ட எப்படிச் சொல்லப்போற?"

"இன்னொரு தடவை செஞ்சு காட்டுவோம். கையைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே."

சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்க அவர்கள் எழுந்தபோது, என் பக்கத்து இருக்கை ஆன்டி இடது கையிலிருந்த வடைப் பொட்டலத்தை வலது கைக்கு மாற்றி நீட்டினார்.

"சாப்பிடுங்கமா. இந்தத் தடவை பேரையும் எழுதிடுங்க."