அலகு வேண்டாம் வீரண்ணே

காப்பியெல்லாம் வேணாம் வீரண்ணே, சொல்லிட்டு ஓடிடுறேன். அவரு கோயில்ல தோரணம் கட்டிக்கிட்டு இருக்காரு, அவரு வர்றதுக்குள்ள நான் லயத்து வீட்டுல இருக்கணும். நாளைக்கு எங்க வீட்டுக்காரருக்கு நீங்கதானே அலகு குத்துறீங்க? குத்தாதீங்கண்ணே.

கோவிச்சுக்காதீங்க லா. நீங்க குத்துனா சொட்டு ரத்தம் வராது, தோட்டத்துக்கே தெரியும். அவருக்குத்தான் குத்தாமலே வருதே. காலையில துப்புனா செகப்பு. பிரஸ்ஸு பட்டுத்தான் வருதுன்னு பல்லு வெளக்குறதையே நிறுத்திட்டாரு. ஈறுல புகையிலைய அடக்கிக்கிறாரு. நேத்து சோறு திங்கையில முன்பல்லு ஆடுது, மனுசன் சிரிக்கிறாரு.

விரதச் சூடா? இல்லண்ணே. நானே இனிப்பு நீரு, சக்கர வியாதிக்காரி, எனக்குத் தெரியாதா? எனக்கும் ஈறு இப்படித்தான் வீங்கி சீழ் வச்சுச்சு. கோல சிலாங்கூரு பல்லு கிளினிக்குல நர்ஸு மிஸ்ஸி திட்டுச்சு. ரத்தம் வந்தாலும் மெதுவா ரெண்டு வேளையும் வெளக்கணுமாம். இனிப்பு ஏறுனா ஈறு கெடுமாம், ஈறு கெட்டா இனிப்பு இன்னும் ஏறுமாம். ஒரு பல்லு புடுங்குன குழி ஆற எனக்கு மாசக்கணக்காச்சு.

இவரு குடம் குடமா தண்ணி குடிக்கிறாரு. பின்னால வாழையடியில ஒண்ணுக்குப் போறாரு, அங்க எறும்பு மொய்க்குதுண்ணே. வாங்க, ரத்தம் பாத்துட்டு வருவோம்னா, நேர்த்திக்கடன் முடியட்டும்ங்கிறாரு. அந்த வாயில கம்பி எறங்குனா புண்ணு ஆறுமா? நீங்களே சொல்லுங்க.

உங்கள நான் குத்தம் சொல்லல. ஆத்தா உத்தரவு குடுக்கல, இந்த வருசம் ஆவாதுன்னு மட்டும் சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேட்டுக்குவாரு. நான் வந்தேன்னு மூச்சு விட்றாதீங்க.

தெரியும்ண்ணே. அது பொய்யின்னு ஆத்தாவுக்குத் தெரியாதா? வேண்டுனத நிறுத்துனா, யாருக்காக வேண்டுனோமோ அவங்களையே ஆத்தா கேப்பான்னுதான் அவரும் சொல்றாரு. பயமாத்தான் இருக்கு. வர்ற வழியெல்லாம் திரும்பிடலாமான்னுதான் பாத்தேன்.

யாருக்கு வேண்டுனாரா? எனக்குத்தான். போன வருசம் என் காலை முட்டியோட எடுக்கணும்னாங்கல்ல, அப்ப ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு வேண்டிக்கிட்டாரு. வெரலோட போச்சு.

நான் வர்றேன்ண்ணே. சொல்லிடுவீங்கல்ல?