சென்னியப்பன் காரில் வந்த காற்றுச் சத்தம்

மன்னிச்சுடு, மறந்துடுன்னு எனக்கு முன்னால பேசினவங்க ரொம்பச் சுலபமாச் சொல்லிட்டாங்க. கைகூட தட்டினீங்க. சரி... அதுக்குப் பதிலா நான் ஒரு சின்னக் கதை வச்சிருக்கேன். கேட்டுட்டு அப்புறம் தட்டுங்க.

எங்க ஈரோட்டுப் பக்கம் சென்னியப்பன்னு ஒருத்தர் புதுக் கார் வாங்கினார். கோயில்ல பூஜை போட்டாச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு. கிளம்பறப்போ தங்கச்சி புருஷன் பழனிவேலு பின்கதவைச் சாத்தினார். கொஞ்சம் ஓங்கிச் சாத்திட்டார். டமார்!

மறுநாள் சேலம் ரோட்டுல வேகம் எடுத்தா... உய்ய்ய்ய்னு ஒரு காத்துச் சத்தம். மெக்கானிக்கிட்ட விட்டார். நிக்கற வண்டி காத்துச் சத்தம் போடுமா? போடலை. "ஒண்ணும் இல்லீங்களே"ன்னுட்டார் அவர். ஆனா நம்ம சென்னியப்பனுக்கு விசாரணையே தேவைப்படலை. "எல்லாம் மாப்ள அடிச்ச அடி! நான் புது வண்டி வாங்கினா அவருக்குப் பொறுக்குமா?"

சொன்னார். யார்கிட்ட? பழனிவேலுகிட்டயா? இல்லை... பெரியப்பா வீட்டுல சொன்னார். சம்பந்தி வீட்டுல சொன்னார். மில்லுல சொன்னார். பழனிவேலு காதுக்குக் கடைசியாத்தான் வந்துச்சு. பேச்சு வார்த்தை நின்னுபோச்சு.

அந்த நேரம் பாருங்க, பழனிவேலு பொண்ணுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் இல்லாம எங்க பக்கம் கல்யாணமா? தங்கச்சி போன்ல அழுவுது. "நீங்க வராம எம் புள்ளைய எப்படிங்கண்ணா மணவறைல உக்கார வெப்பேன்?" இவர் என்ன சொல்றார்? "உம் புருஷன் வந்து தப்பை ஒத்துக்கட்டும்!"

பழனிவேலு வந்தார். ஒத்துக்க இல்லை. கையில, பெயிண்டருங்க ஒட்டற காகித டேப்பு. "மச்சான், நீங்க ஓட்டுங்க. நான் உக்காந்து கேக்கறேன். நான் சாத்தின கதவுதான்னா உங்க கால்ல விழறேன்."

ரெண்டு பேரும் உள்ள உக்காந்து, உள்பக்கமாவே எல்லாக் கதவு இடுக்குலயும் டேப்பு ஒட்டி பைபாஸ்ல விட்டாங்க. சத்தமே இல்லை. அப்போ காத்து ஏதோ ஒரு கதவு வழியாத்தான் வருது. நிறுத்தி ஒரு கதவுல மட்டும் டேப்பைப் பிரிச்சாங்க. எந்தக் கதவு? பழனிவேலு சாத்தின கதவு! வண்டி போகுது... போகுது... அமைதி.

"இன்னும் மிதிங்க மச்சான்."

மிதிச்சார். அப்பவும் அமைதி.

ஒவ்வொண்ணாப் பிரிச்சு, கடைசியா ஓட்டறவர் கதவு. உய்ய்ய்ய்! இறங்கிப் பார்த்தா, மேல்பக்கம் கதவு ரப்பருக்கு அடியில மஞ்சக் கயிறு. பூஜையன்னைக்கு வண்டிக்கு மேல கட்டி, மிச்ச நுனியை உள்ள விட்டுக் கதவைச் சாத்தினது. கட்டினது யாரு? சென்னியப்பன்தான். "சாமி கயிறு, தானா அறுந்து விழட்டும், ஒருத்தரும் கைவைக்கக் கூடாது"ன்னு உத்தரவு போட்டதும் அவர்தான். சாமி கயித்தை யாராவது சந்தேகப்படுவாங்களா?

கயித்தை எடுத்தாங்க, ரப்பரை நீவி விட்டாங்க. தீர்ந்துது.

"சரி விடுங்க மாப்ள. சத்தம் நின்னுபோச்சில்ல?"ன்னு சென்னியப்பன் சிரிக்கறார்.

பழனிவேலு சிரிக்கலை. "வண்டில நின்னுபோச்சு மச்சான். நீங்க சொல்லிட்டு வந்த வீடுகள்ல?"

சென்னியப்பன் வண்டியைத் திருப்பினார். பெரியப்பா வீடு. "தப்பு என்னுதுங்க பெரியப்பா. மாப்ள மேல பழி போட்டேன்." அடுத்து சம்பந்தி வீடு. அடுத்து மில்லு. பழனிவேலு வண்டியை விட்டு இறங்கவே இல்லை. மில்லுல சொல்லிட்டு வந்து உக்காந்ததும்தான் வாயைத் திறந்தார். "நம்ம வீட்டுக்கு விடுங்க மச்சான். கல்யாண வேலை கிடக்கு."

பெரியோர்களே... பழி சொல்றப்போ நமக்கு ஊரே வேணும். மன்னிப்புக் கேக்கறப்போ மட்டும் ஆள் இல்லாத நேரமாப் பார்த்து, முதுகுல தட்டி, "விடப்பா"ன்னு முடிச்சுக்கறோம். அடிபட்டவனைப் பார்த்து மறந்துடுங்கறோம். ஏன்? அவன் ஏன் மறக்கணும்?

எந்தெந்த வாசல்ல அவன் பேரைக் கெடுத்தீங்கன்னு உங்களுக்குத் தெரியும். முதல்ல அங்க போய்ட்டு வாங்க. மன்னிக்கறதா வேண்டாமான்னு... அப்புறம் அவன் சொல்லுவான்.