தலைமை தாங்கவிருந்த மந்திரி

தாராபுரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தம்பதி, மடியில் மகளின் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கணவர் பேப்பரை மடித்தார்.

“நம்ம கல்யாணத்துக்குத் தலைமை தாங்கற மந்திரி, இப்ப மந்திரி இல்லையாமா.”

“ஏனுங்க, செத்துப்போயிட்டாருங்களா?”

“அட, இல்ல. ராஜினாமா பண்ணீட்டேன்னு அவரு சொல்றாரு. நீக்கிட்டாங்கன்னு பேப்பர்ல போட்டிருக்கு.”

“ரெண்டுல எதுன்னாலும் வருவாருங்களா?”

“அதுதான் புரியல. மந்திரி வர்றாருன்னு சொல்லித்தான் மாப்பிள்ளை ஊட்டுல பெரிய மண்டபமாப் புடிச்சாங்க.”

“பத்திரிகைல அவரு பேரைப் பேனாவால அடிச்சுப்போடலாமுங்களா?”

“அடிச்சா இவரு கோவிச்சுக்குவாரு. அடிக்காட்டி, புதுசா வர்ற மந்திரி கோவிச்சுக்குவாரு.”

அவருடைய செல்போன் அடித்தது. நம்பரைப் பார்த்ததும் சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“வணக்கமுங்க... ஆமாங்க, பார்த்தேனுங்க... ஐயோ, என்னங்க இப்படிக் கேக்கறீங்க... வாங்க, வாங்க.”

போனை வைத்த பிறகும் அவர் உட்காரவில்லை.

“யாருங்க?” என்றாள் மனைவி.

“மந்திரிதான்.”

“என்னங்க சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. ‘நான் இன்னும் வரலாமுங்களா’ன்னு கேட்டாரு.”